ஏரியைக் கட்டிய மணல்

பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அகலம் சில இடங்களில் 15 கிலோமீட்டரையும் தாண்டும். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பள்ளங்களை விட்டுவிட்டால், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போன பிறகும் தண்ணீர் இடுப்பைத் தொடாத இடங்கள் ஏராளம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் போய்விடுகிறது.

ஏரிக்கு மேற்கே நிலம், கிழக்கே வங்கக் கடல். கடலையும் ஏரியையும் பிரித்து நிற்பது ஒரு மணல் திட்டு மட்டுமே. ராக்கெட் ஏவும் ஶ்ரீஹரிகோட்டா அந்தத் திட்டின் மேல்தான் இருக்கிறது. பாறை கிடையாது, குன்று கிடையாது. அலை கொண்டுவந்து போட்ட மணல், காற்று குவித்த மணல், அதைப் பிடித்து வைத்த செடிகொடிகள், அவ்வளவுதான் அரண். பழவேற்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூநாரையைப் பேசுவார்கள், இறாலைப் பேசுவார்கள், டச்சுக்காரர்களின் கல்லறையைப் பேசுவார்கள். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் அந்த ஏரி உயிரோடு இருப்பதும், அதன் தெற்குப் பக்கத்துக் கடற்கரை ஆண்டுக்கு ஆண்டு கரைந்துபோவதும் ஒரே மணலின் கதை. அந்த மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஏரியையும் காப்பாற்ற முடியாது, கரையையும் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழி உச்சத்தில் இருந்தபோது, உலகின் கடல்மட்டம் இப்போது இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கரை இன்றைய கரைக்கு வெகுதூரம் கிழக்கே கிடந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி வந்தது. அந்த ஏற்றம் ஏறக்குறைய அடங்கி ஆறேழாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. கடல் ஒரு மட்டத்தில் நிலைத்த பிறகே அலைகளுக்கு ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை செய்ய அவகாசம் கிடைத்தது. ஆறுகள் கொண்டுவந்து தள்ளிய மணலை அவை கரைக்கு இணையாக நீள நீளமான திட்டுகளாக அடுக்கின. திட்டுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்ட ஆழமற்ற கடல் காயல் ஆயிற்று. உலகத்துக் கடலோரக் காயல்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவைதான்.

பிறந்தது முதல் காயலுக்கு இரண்டு தண்ணீர். தெற்கே ஆரணியாறும் நடுவே காளங்கியும் வடக்கே சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. கிழக்கே முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆறுகளில் ஓட்டம் இருப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் மட்டுமே. அப்போது ஏரியின் சில பகுதிகள் கிட்டத்தட்ட நன்னீராகவே மாறிவிடும். கோடையில் நிலைமை தலைகீழ். ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் வேகமாக ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், மழைக்கு முந்தைய மாதங்களில் இந்த ஏரியில் அது 50 கிராமைத் தாண்டியதும் பதிவாகியிருக்கிறது. கடலைவிடக் கரிக்கும் ஏரி!

ஒரே ஆண்டுக்குள் நன்னீரிலிருந்து கடலையும் மிஞ்சிய உவர்ப்பு வரை போய்வரும் ஓர் இடத்தில் எது வாழும்? உப்பைக் கையாளத் தெரிந்தவை வாழும். ஏரியோரத்து வெண்கண்டல் செடியின் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். வேர் வழியே உள்ளே வந்துவிட்ட உப்பை இலைச் சுரப்பிகள் வழியே அது வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறியதும் அந்த உப்பு இலை மேல் பொடியாகப் படிகிறது. உமரிச் செடியின் வழி வேறு. உப்பை வெளியேற்றாமல் சதைப்பற்றான இலைகளுக்குள் தண்ணீரோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறது. உவர்ப்பு மிகும் நாட்களில் உமரிப் பரப்பு முழுவதும் சிவந்துபோவதைக் காணலாம்.

உவர்ப்பு ஏறி இறங்கும் ஆழமற்ற சேற்றுத் தண்ணீர்தான் பூநாரைக்கு விருந்து. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு, நாக்கை முன்னும் பின்னும் வேகமாக அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய தகடுகள் நுண்ணிய உயிர்களைத் தடுத்து நிறுத்தும். அந்த உயிர்களிலிருந்தும் பாசியிலிருந்தும் கிடைக்கும் நிறமிதான் சிறகின் சிவப்பு. ஏரியில் தண்ணீர் ஒரு முழம் கூடினாலும் சிக்கல், அடியோடு வற்றினாலும் சிக்கல். அதனால்தான் பூநாரைகள் ஒரே இடத்தில் நிற்காமல், எங்கே நீர் வற்றி வற்றி அவற்றின் கால் அளவுக்கு வருகிறதோ அங்கே கூட்டமாக இறங்குகின்றன. தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இத்தனையையும் இயக்குவது முகத்துவாரம். கழிமுகம் என்றும் சொல்வார்கள். ஏரிக்கு ஒரு காலத்தில் மூன்று வாய்கள் இருந்தன. வடக்கே உள்ளவை மணல் மூடி, பெரிதும் செயலற்றுப் போய்விட்டன. போதாக்குறைக்கு, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஶ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலை நீரோட்டத்தைப் பிரித்துவிட்டது. வடக்குப் பகுதி கோடையில் பெருமளவு காய்ந்து வெடித்துக் கிடப்பதற்கு இவை இரண்டும் முக்கியக் காரணங்கள். பழவேற்காடு ஊரை ஒட்டிய தென்வாய்தான் இப்போது ஏரியின் உயிர்நிலை.

முகத்துவாரம் ஓரிடத்தில் நிலையாகத் திறந்திருக்கும் பள்ளம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே இரண்டு சக்திகள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. அலைகள் கரையோரமாக மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கின்றன. ஏற்றவற்றம் அந்த மணலை அரித்து வெளியேற்றுகிறது. நம் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூடக் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர் அளவுதான். இந்தச் சின்ன ஏற்றவற்றம் எப்படி ஒரு வாயைத் திறந்து வைக்கிறது? ஏரியின் பரப்புதான் பதில். 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் தண்ணீர் வெறும் பத்து சென்டிமீட்டர் உயர வேண்டும் என்றால், ஒரு கோடி கன மீட்டர் கடல்நீர் அந்தக் குறுகிய வாய் வழியாக நுழைய வேண்டும். ஆறு மணி நேரத்தில் உள்ளே, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே. அந்த வேகம்தான் மணலை அள்ளிக்கொண்டு போகிறது.

அமெரிக்கப் பொறியாளர் மோரோ ஓ'பிரையன் 1931-இல் இதை ஒரு கணக்காகவே சொல்லிவிட்டார். அமெரிக்காவின் பசிபிக் கரையில் உள்ள பல முகத்துவாரங்களை அளந்து பார்த்தபோது, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் எவ்வளவு தண்ணீர் உள்ளே போய்வருகிறதோ அதற்கு ஏற்றபடியே வாயின் குறுக்குப் பரப்பு அமைந்திருப்பதைக் கண்டார். பெரிய காயலுக்குப் பெரிய வாய், சிறிய காயலுக்குச் சிறிய வாய். இதில் ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது. காயல் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ சுருங்கினால் போய்வரும் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் அரிக்கும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் வாய் இன்னும் அடைபடும். வாய் அடைபட்டால் ஆறு கொண்டுவரும் வண்டல் வெளியேற வழியின்றி ஏரியிலேயே படியும், காயல் மேலும் சுருங்கும். ஒரு முறை இந்தச் சுழலுக்குள் மாட்டிய ஏரி தானாக மீள்வது கடினம்.

ஆண்டின் பல மாதங்கள் மணல்தான் வெல்கிறது. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லை, ஏற்றவற்றம் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். முகத்துவாரம் ஒடுங்கிச் சில வேளை முழுவதுமாக மூடிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்து முட்டும்போது ஒரே நாளில் உடைத்துக்கொண்டு திறக்கும். வாய் ஆழமின்றிக் கிடக்கும் நாட்களில் ஏரிப் பக்கம் படகை நிறுத்தியிருக்கும் மீனவர்கள் கடலுக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அலை உடையும் மணல்மேட்டில் படகு தட்டினால் கவிழ்ந்துவிடும்.

மீனவர்களைப் போலவே அந்த வாயை நம்பி இன்னொரு பயணியும் காத்திருக்கிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது ஏரியில் இல்லை, வெளியே கடலில். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டைகளை நீரில் விடும். ஒரு நாளைக்குள் குஞ்சு பொரிந்துவிடும். பொரிந்தது இறாலைப் போலவே இருக்காது. நீரில் மிதக்கும் ஒரு புள்ளி, அவ்வளவே. பல முறை தோல் உரித்து, உரித்த ஒவ்வொரு முறையும் உருவம் மாறி, இரண்டு மூன்று வாரங்களில் ஒரு சென்டிமீட்டரை எட்டாத, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிகிற இறால் குஞ்சாகும். இனி அது வளர வேண்டிய இடம் காயல். ஆனால் கடலின் ஓட்டத்தை எதிர்த்து நீந்தும் வலு அதற்கு இல்லை.

அந்தக் குஞ்சு செய்வது எனக்கு எத்தனை முறை படித்தாலும் வியப்பாகவே இருக்கிறது. ஏற்றத்தில் நீர் உள்நோக்கி ஓடும்போது அடியிலிருந்து மேலே எழும்பி மிதக்கிறது. ஓட்டம் அதைக் காயலை நோக்கிக் கொண்டுபோகும். வற்றத்தில் நீர் வெளியே திரும்பும்போது கீழே இறங்கி, ஓட்டம் மெதுவாக இருக்கும் தரையை ஒட்டிப் படுத்துவிடுகிறது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி எழும்பும். நீரின் உவர்ப்பும் அழுத்தமும் மாறுவதை உணர்ந்தே அது நேரம் பார்க்கிறது. இப்படி இரண்டு எட்டு முன்னே, பிறகு சற்று நிற்றல் என்று ஏறி, மீன்கள் எளிதில் வந்து விழுங்க முடியாத ஆழமற்ற நீரையும் கடற்புல்லையும் சென்றடைகிறது. அங்கே மூன்று நான்கு மாதம் தின்று வளர்ந்து, பருவம் எட்டும் தறுவாயில் கடலுக்குத் திரும்புகிறது. களிநண்டின் தாயும் முட்டையைச் சுமந்துகொண்டு இதே வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மூடிய முகத்துவாரத்துக்கு வெளியே வந்து சேரும் குஞ்சுகளுக்கு வேறு வழி இல்லை. அந்தப் பருவத்து இறால் அத்தோடு போயிற்று.

இறாலின் இந்த வழியை ஏரிக்கரை மக்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ முறை இங்கே தலைமுறைகளாக இருந்துவருகிறது. நல்ல பாடு ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றி வரும். வலையே இல்லாமல் இறால் பிடிக்கிறவர்களும் உண்டு. இருளர் பெண்கள் ஆழமற்ற நீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் சேற்றின் மேல் விரித்து அணைத்தபடியே நகர்வார்கள். இறால் அசைவது விரலில் பட்டதும் அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கலங்கிய தண்ணீரில் விரல் நுனிதான் பார்க்கிறது. சேறு கெட்டியானாலும், தண்ணீரில் எண்ணெய் கலந்தாலும், கிளிஞ்சல் ஓடுகள் மூடினாலும் முதலில் தெரிவது அந்தக் கைகளுக்குத்தான்.

இப்போது கடல் பக்கம் வருவோம்.

அலை பெரும்பாலும் கரையை நேராக வந்து மோதுவதில்லை, சற்றே சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது சரிவின் வழியே நேராகக் கீழே இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல் துகள் கரையோரமாகச் சிறிது தூரம் நகர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அலை தெற்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே போகிறது. மீனவர்கள் தெண்டி என்று சொல்லும் ஓட்டம் அது. வடகிழக்குப் பருவத்தில் வன்னி ஓட்டம், மணல் தெற்கே திரும்புகிறது. வடக்கே தள்ளும் மாதங்கள் அதிகம் என்பதால் கணக்கை முடித்துப் பார்த்தால் சோழமண்டலக் கரையின் இந்தப் பகுதியில் மணல் வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. அளவு ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். பழவேற்காட்டின் திட்டும் ஶ்ரீஹரிகோட்டாவும் இந்த வரத்தால் கட்டப்பட்டவை. இந்த வரத்தால்தான் நிலைத்தும் இருக்கின்றன.

கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருவர் வாங்கி வாங்கித் தன் காலடியிலேயே அடுக்கிக்கொண்டால் அடுத்தவர் கை வெறுமையாகிவிடும். கடற்கரையில் இன்னும் மோசம். அடுத்த இடத்தில் அலை சும்மா நிற்காது. அதற்குத் தள்ளுகிற வலு அப்படியே இருக்கிறது, தள்ள மணல் வரவில்லை. ஆகவே அங்கே இருக்கும் கரையையே பெயர்த்து அனுப்பத் தொடங்கும். கடல் அரிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். கடல் திடீரென்று மூர்க்கமானதால் வருவதில்லை, தெற்கே யாரோ மணலைப் பிடித்து நிறுத்தியதால் வருகிறது.

சென்னை இதை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறது. 1870-களின் பிற்பாதியில் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டித் தேங்கியது. நாம் காற்று வாங்கப் போகும் மெரினாவின் அகலத்தில் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்த மணல்தான். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்தது. பல நூறு மீட்டர் நிலம் போயிற்று, தெருக்கள் போயின, குப்பங்கள் மேற்கே மேற்கே நகர்ந்தன. மெரினாவில் சேர்ந்த மணல் வடசென்னைக்குச் சேர வேண்டிய மணல். ஒரே நகரத்தின் தெற்குப் பகுதிக்கு உலகமே பேசும் கடற்கரையும், வடக்குப் பகுதிக்குக் கருங்கல் குவியலும் கிடைத்ததை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

கருங்கல்லைக் கொட்டினால் சாலை தப்பும், கடற்கரை தப்பாது. கல்லில் மோதித் திரும்பும் அலை அதன் அடியில் உள்ள மணலை இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். மணல் கரை காணாமல் போகும். கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு புதிதாகத் தொடங்கும். அடுத்த ஆண்டு அங்கேயும் கல் கேட்பார்கள். இப்படித்தான் வடசென்னையில் கல் வரிசை எண்ணூரை நோக்கி நீண்டது. எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே 2001-இல் எண்ணூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அதற்கும் வடக்கே 2010-களின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம். இரண்டுக்கும் கடலுக்குள் நீளும் சுவர்கள் உண்டு. எண்ணூர் துறைமுகம் கட்டும்போது அரிப்பு வரும் என்று முன்கூட்டியே கணித்து, கடலை ஆழப்படுத்தி எடுத்த மணலை வடக்குக் கரையில் கொட்டி வைத்தார்கள். சரியான யோசனை. ஆனால் அப்படி ஒரு முறை கொட்டியதை அலை சில ஆண்டுகளில் கொண்டுபோய்விடும். சுவர் நிற்கும் வரை மணலும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கும் நடுவே உள்ள நிலத்தை வரைபடத்தில் பார்த்தால் மனம் பதறுகிறது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் உள்ள மணல் திட்டு சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலம்தான். அதன் மேல் கோரைக்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என்று மீனவர் ஊர்கள். இந்தத் திட்டுக்கு வர வேண்டிய மணல் தெற்கே மூன்று துறைமுகங்களைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. மேலே ஆறுகளிலும் நிலைமை நன்றாக இல்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது, கூடவே மணலையும் தடுத்து நிறுத்துகிறது. பாலாற்றிலும் மற்ற ஆறுகளிலும் அள்ளிய மணலைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அரிக்கப்படும் கரையை அடையாளம் காண்பது எளிது. வளரும் கரையில் கடலிலிருந்து ஏறினால் மெல்லிய சரிவு, பிறகு ஒரு மேடு, அதன் மேல் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணற்குன்றுகள். அடும்பு கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடிக்கும். காற்று மேலே மணலைக் கொட்டக் கொட்ட மேலேறி வளரும். அரிக்கப்படும் கரையில் இந்த வரிசையே இருக்காது. கத்தியால் வெட்டியது போல மணல் சுவர் நிற்கும், அதிலிருந்து அடும்பின் வேர் அந்தரத்தில் தொங்கும், சவுக்கு மரங்கள் கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும். காலடியில் மணலைக் கவனித்தால் கறுப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் வரி வரியாகத் தெரியும். அலை எடை குறைந்த வெள்ளை மணலை முதலில் எடுத்துக்கொண்டு போய்விடும். இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுத் துகள்கள் பின்தங்கும். கருமணல் திரண்டு கிடக்கும் கரையில் வெள்ளை மணல் இழப்பு நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தை, மாசியில் முட்டையிட ஏறி வரும் பங்குனி ஆமைக்கு அந்த மணல் சுவர் ஏற முடியாத மதில்.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்று மணலுக்கு அடியில் நடக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் சற்றே எடை குறைந்தது என்பதுதான் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கணக்கு. கடலுக்கும் கழிக்கும் நடுவே உள்ள குப்பங்களில் கைக்கு எட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைத்ததன் ரகசியம் இதுதான். திட்டு குறுகக் குறுக மேலே நிற்கும் நன்னீர் குறையும். மேலே ஒரு சாண் குறைந்தால் அடியில் நாற்பது சாண் போய்விடும். பக்கத்து மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதை நாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது.

திட்டு ஓரிடத்தில் உடைந்தால் என்ன ஆகும்? புதிதாக ஒரு வாய் திறக்கும். ஏற்றவற்றத் தண்ணீர் இரண்டு வாய்களுக்குள் பங்கு போகும், பழைய முகத்துவாரத்தின் அரிக்கும் வலு குறையும், அது முன்னைவிட வேகமாக மூடும். கரை அரிப்பும் ஏரியின் மூச்சுத்திணறலும் ஒன்றையொன்று தூண்டும். தனித் துறைகளும் தனிக் கோப்புகளும் இவற்றை வெவ்வேறாகப் பார்க்கலாம். இரண்டிலும் ஓடுவது ஒரே மணல்தான்.

இயற்கையாக விட்டால் இப்படிப்பட்ட திட்டுகள் நகரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். புயல் அலை திட்டைத் தாண்டி மணலைக் காயல் பக்கம் கொட்டும். கடல்மட்டம் மெல்ல ஏறும்போது திட்டும் மெல்ல மேற்கே உருண்டு நகர்ந்து தன்னைக் காத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படித்தான் தாக்குப்பிடித்திருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் அண்மைப் பத்தாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்துவருகிறது. ஆனால் திட்டு பின்வாங்க வேண்டுமானால் அதனிடம் மணல் இருக்க வேண்டும், பின்னால் இடமும் இருக்க வேண்டும். இரண்டையும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

முகத்துவாரம் மூடாமல் இருக்க இருபுறமும் கற்சுவர் கட்ட வேண்டும் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. தமிழக அரசும் அதை ஏற்றுப் பணியைக் கையில் எடுத்தது. அவர்களின் கஷ்டம் தெரிந்த யாரும் இதைக் குறை சொல்ல முடியாது; தெற்கே நடந்தவற்றின் சுமையை அவர்கள்தான் தாங்குகிறார்கள். ஆனால் இந்தச் சுவர்களும் மணலைத் தடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அவற்றின் தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போடும் ஏற்பாடு கூடவே இல்லாவிட்டால், அரிப்பு ஶ்ரீஹரிகோட்டாக் கரைக்கு இடம் மாறும்.

வழி இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தால் நகரத்துக் கடற்கரை முழுவதும் காணாமல் போய், முப்பது ஆண்டுகள் வெறும் கருங்கல் மட்டுமே இருந்தது. 2018-ஐ ஒட்டிய காலத்தில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தாரும் மற்றவர்களும் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் மூழ்கிய ஒரு திட்டை அமைத்து, துறைமுகத்தில் தேங்கிய மணலையும் எடுத்துப் போட்டார்கள். ஒரு தலைமுறை காணாத மணல் கரை திரும்பி வந்தது, குழந்தைகள் அதில் ஓடி விளையாடினார்கள். மணல் கிடைத்தால் கரை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். தேங்கும் இடத்திலிருந்து எடுத்துத் தேவைப்படும் இடத்தில் சேர்ப்பது ஒரு தடவை முடிகிற வேலை இல்லை. சாலைக்கும் பாலத்துக்கும் போல ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு அது. துறைமுகம் எவ்வளவு மணலைத் தடுக்கிறதோ அவ்வளவையும் அந்தத் துறைமுகமே வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அனுமதியின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் சில ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் அதை எதிர்க்கிறார்கள். மேலே சொன்ன மணல் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கும் வேறு முடிவு தோன்றவில்லை. சில நூறு மீட்டர் அகலத் திட்டுக்குத் தெற்கே இன்னொரு கல்லைக் கூடக் கடலில் இறக்கக் கூடாது.

இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு ஆளாகியிருப்பதாகத் தேசியக் கடலோர ஆய்வு மையத்தின் செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. ஆகவே உங்கள் ஊர்க் கடற்கரைக்கும் ஒரு நாள் ஏதோ ஒரு சுவர், ஏதோ ஒரு தூண்டில் வளைவு, ஏதோ ஒரு துறைமுகம் வரலாம். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அவசியம் போங்கள். வேலைவாய்ப்பு எத்தனை, முதலீடு எவ்வளவு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்தச் சுவர் தடுக்கும் மணலை ஆண்டுதோறும் யார் எடுத்து, எங்கே, எவ்வளவு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? அதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் திரும்பாதீர்கள்.